ஹாட்ஸ்பாட்டை நம்பி பேக்கேஜ் இறக்குகிறவர்களுக்கு

புரோகிராம் எழுதும்போது மற்றவர்கள் எழுதிவைத்த பேக்கேஜ்களை இறக்கித்தரும் கருவிகளான பிப் (பைத்தான்), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), கார்கோ (ரஸ்ட்), கம்போசர் (பிஎச்பி) எல்லாம் பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். நல்ல லைன் இருக்கும் இடத்தில் அப்படித்தான் தெரியும். கட்டளையை அடித்தோம், ஏதோ ஓடியது, முடிந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீட்டில், நாலு பக்கமும் செம்பனை மரம் நிற்க, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றின் குணமும் தனித்தனியாக வெளியே வரும்.

டவுனில் நான் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஈப்போவில் போலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது கடைக்கும் வருவார்கள். மடிக்கணினி உள்ளவர்கள் என் ஃபைபர் லைனில் இங்கேயே நிறுவிக்கொள்வார்கள். வீட்டில் பழைய டெஸ்க்டாப் மட்டும் வைத்திருப்பவர்கள் பென்டிரைவோடு வந்து நிற்பார்கள். இது முக்கியமாக அவர்களுக்கு.

எந்தக் கருவியாக இருந்தாலும் நான் பார்ப்பது இவைதான்: பேக்கேஜ் எங்கே போய் உட்காருகிறது, பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல் உண்டா, நிறுவும்போதே முன்பின் தெரியாத ஆளின் கோடு (நிரல்) ஓடுமா. இது தெரிந்தால் பென்டிரைவில் எதைப் போடுவது என்பது தானாகப் புரியும்.

பைத்தானில் தொடங்குவோம், தலைவலி அதிகம் அங்கேதான். பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கும் பைபிஐ கிடங்கு 2003-ல் வந்தது, பிப் 2008-ல். இன்றைக்கும் பிப்பைச் சும்மா ஓட்டினால், எல்லா புரோஜெக்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் கொண்டுபோய்க் கொட்டும். ஒரு புரோஜெக்டுக்குப் பழைய பதிப்பு, இன்னொன்றுக்குப் புதியது என்றால் சண்டை ஆரம்பம். லினக்ஸில் உபுண்டு 23.04, டெபியன் 12 இவற்றிலிருந்து, சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானில் கை வைக்க பிப் மறுத்துவிடுகிறது. காரணம், சிஸ்டத்தின் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன.

ஒரு மாணவி வந்து சொன்னாள்: "அண்ணே, எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்னு என்னமோ திட்டுச்சு. கூகுள்ல பார்த்து பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் போட்டேன், அப்புறம் கேக்குது."

"போட்டுட்டியா? உடைச்சுருவேன்னு அவனே சொல்றான், நீயும் சரிங்கிறியேம்மா!"

அந்த ஆப்ஷன் வேண்டாம். புரோஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வென்வ் (அந்த புரோஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் இடம்) உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்துவிட்டு பிப்பை ஓட்டுங்கள். ஆனால் அந்த வென்வ் ஃபோல்டரையே பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது உருவான இடத்தின் முழு முகவரியும் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. வேறு கணினியில் ஓடாது. கொண்டுபோக வேண்டியது வீல் ஃபைல்களை, அதாவது நிறுவத் தயாராக இருக்கும் பேக்கேஜ் ஃபைல்களை. 'பிப் டவுன்லோட்' கட்டளைக்கு ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) கொடுத்தால், நிறுவாமல் ஒரு ஃபோல்டரில் இறக்கி மட்டும் வைக்கும். வீட்டில் புதிதாக வென்வ் உருவாக்கி, 'பிப் இன்ஸ்டால்' கூடவே 'நோ-இண்டெக்ஸ்' (இணையத்துக்குப் போகாதே), 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' (இந்த ஃபோல்டரில் தேடு) இரண்டையும் போடுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வீல் ஃபைலின் பெயரை உற்றுப் பாருங்கள். சிபி312 என்று இருந்தால் அது பைத்தான் 3.12-க்கு மட்டும். வின், மேனிலினக்ஸ் என்று இருந்தால் அந்தந்தச் சிஸ்டத்துக்கு மட்டும். நம்பை, பாண்டாஸ் போன்ற பேக்கேஜ்கள் எல்லாம் இப்படித்தான். வீட்டில் விண்டோஸும் பைத்தான் 3.13-ம் இருக்க, இங்கே உபுண்டுவில் 3.12-க்கு இறக்கிப்போனால் பெட்ரோல் காசுதான் நஷ்டம். அதற்காகவே கடையில் இரண்டு சிஸ்டமும் வைத்திருக்கிறேன். வரும்முன் வீட்டில் பைத்தான் பதிப்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பிப்பின் பெரிய குறை லாக் ஃபைல். பல வருடமாக 'பிப் ஃபிரீஸ்' போட்டு ஒரு பட்டியல் எடுத்து ஒப்பேற்றினோம். 2024-ல் வந்த யூவி என்ற கருவி அதைச் சரிசெய்தது. லாக் ஃபைல் தானாக எழுதும், வென்வும் தானாக உருவாக்கும். இறக்கியதை ஒரே இடத்தில் வைத்து எல்லா புரோஜெக்டுக்கும் பங்குபோடுவதால் டேட்டாவும் மிச்சம், டிஸ்க்கும் மிச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் யூவியைத்தான் போட்டுக்கொடுக்கிறேன்.

என்பிஎம் கதை வேறு. இங்கே பேக்கேஜ் எல்லாம் புரோஜெக்டுக்குள்ளேயே நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இறங்கும், லாக் ஃபைலும் தானாக வரும். அந்த அளவில் பைத்தானைவிட ஒழுங்கு. ஆனால் ஒரு பேக்கேஜைக் கூப்பிட்டால் அது தன் சொந்தபந்தம் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வரும், தீபாவளிக்கு வீடு நிறைந்த மாதிரி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி கோடை எழுதியவர் அதைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதைப் பெயராகக்கூடத் தெரியாத எத்தனையோ புரோஜெக்டுகள் அன்றைக்கு நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் நினைத்த நேரத்தில் நீக்க முடியாதபடி என்பிஎம் விதியை மாற்றியது.

நண்பரின் புரோஜெக்டை வாங்கி ஓட்டும்போது 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். முன்னது சில நேரம் லாக் ஃபைலையே மாற்றிவிடும். பின்னது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே நிறுவும், பொருந்தவில்லை என்றால் நின்றுவிடும். பென்டிரைவுக்கு: கடையில் 'என்பிஎம் சிஐ' ஓட்டும்போது 'கேஷ்' (இறக்கியதைச் சேர்த்துவைக்கும் இடம்) ஆப்ஷனில் ஒரு தனி ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்த ஃபோல்டரை ஸிப் செய்து எடுத்துப்போய், வீட்டில் அதையே காட்டி 'ஆஃப்லைன்' சேர்த்து ஓட்டுங்கள். ஸிப் செய்யாமல் இழுத்துப் போட்டால், ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்கள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே தே தாரிக் ஆறிப்போகும்.

பிஎச்பியில் லாரவெல் புரோஜெக்ட் செய்கிறவர்களுக்கு வேலை சுலபம். கம்போசர் எல்லாவற்றையும் வெண்டர் ஃபோல்டரில் வைக்கும். பெரும்பாலும் வெறும் பிஎச்பி ஃபைல்கள்தான் என்பதால், பிஎச்பி பதிப்பு பொருந்தினால் ஃபோல்டரை அப்படியே ஸிப் செய்து தூக்கிப் போகலாம். 'கம்போசர் அப்டேட்' மட்டும் தேவையில்லாமல் அடிக்காதீர்கள், 'இன்ஸ்டால்' போதும்.

ரஸ்ட், கோ மொழிகள் இரண்டும் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவை. 'கார்கோ வெண்டர்' என்று அடித்தால் எல்லா மூலக்கோடும் ஒரே ஃபோல்டருக்கு வந்துவிடும். அது திரையில் காட்டும் சில வரிகளை கான்ஃபிக் ஃபைலில் ஒட்டினால் இணையமே வேண்டாம். கோ மொழியில் 'மாட் வெண்டர்', அதே வேலை. கோ மொழிக்கென்று பதிவேற்றும் கிடங்கு கிடையாது. பேக்கேஜின் பெயரே அது இருக்கும் முகவரி. கூகுள் நடத்தும் இடைநிலைச் சர்வர் ஒரு நகல் வைத்துக்கொண்டு கொடுக்கிறது. இறக்கும்போதோ கட்டும்போதோ பேக்கேஜின் கோடு ஓடக்கூடாது என்று கோ மொழியை வடிவமைத்தவர்கள் உறுதியாக இருந்தார்கள். கார்கோவில் பில்டு ஸ்கிரிப்ட் ஓடும், என்பிஎம்மில் போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஓடும்.

ஜாவாவில் மேவன் என்ற கருவிக்கு 'கோ-ஆஃப்லைன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் சில பிளகின்களை விட்டுவிடும். கடையில் ஒருமுறை முழுதாக பில்டு செய்துவிட்டு மேவனின் எம்2 ஃபோல்டரை எடுத்துப்போவது மேல். ஆர் மொழியின் கிடங்கான கிரான் 1997-ல் தொடங்கியது. புதிதாக வருவதை அங்கே மனிதர்கள் பார்த்துத்தான் ஏற்கிறார்கள். பைபிஐயிலும் என்பிஎம்மிலும் அந்தக் காவல் இல்லை, கணக்குத் திறந்தவர் யாரும் ஏற்றலாம்.

ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2017-ல் கிராஸ்-என்வ் என்ற என்பிஎம் பேக்கேஜின் பெயரில் நடுவே உள்ள சிறு கோட்டை (-) மட்டும் எடுத்துவிட்டு ஒருவர் போலி ஏற்றினார். நிறுவியவர்களின் கணினியிலிருந்த ரகசியச் சாவிகளைத் திருடியது அது. 2025 செப்டம்பரில் போலி மின்னஞ்சலில் ஏமாந்த ஒருவரின் கணக்கு வழியாக சாக், டீபக் உள்ளிட்ட 18 என்பிஎம் பேக்கேஜ்களில் விஷம் கலந்தார்கள். அங்கே பெயரும் சரி, ஆளும் சரி, பதிப்புதான் கெட்டது. நேற்று வெளிவந்த பதிப்பை இன்றைக்கே இறக்க வேண்டிய அவசரம் கல்லூரி புரோஜெக்டில் யாருக்கும் இல்லை. சில நாள் பழையதாக எடுங்கள். என்பிஎம்மில் முடிந்தவரை 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' போடுங்கள். சாட்ஜிபிடி சொன்ன பெயரை அப்படியே அடிக்காதீர்கள், இல்லாத பேக்கேஜைக்கூட அது இருப்பதாகச் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது ஒன்றை ஏற்றிவைத்துக் காத்திருக்கலாம்.

எல்லாம் இறக்கிய பிறகு, கடையிலேயே வைஃபையை அணைத்துவிட்டு, புது ஃபோல்டரில் பென்டிரைவிலிருந்து ஒருமுறை நிறுவிப் பாருங்கள். விட்டுப்போன பேக்கேஜின் பெயர் பிழைச் செய்தியிலேயே வந்துவிடும். வைஃபையைப் போட்டு அதையும் இறக்கிக்கொண்டு கிளம்பலாம். ஞாயிறு மத்தியானம் கடை மூடிவிடும், அதற்கு முன்னால் வாருங்கள்.