கோர விபத்தை நேரில் பார்த்துவிட்டீர்களா? அடுத்த ஒரு மாதம் என்ன செய்வது

அடிபட்டவரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். நொறுங்கிய வண்டியை இழுத்துப்போய்விடுவார்கள். கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளியதும் சாலை பழையபடி ஓடத் தொடங்கும். பக்கத்தில் நின்று பார்த்தவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவரும் ‘நமக்கு ஒரு கீறல்கூட இல்லையே’ என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரி படுத்து விளக்கை அணைத்த பிறகுதான் அந்த மோதல் சத்தம் மறுபடி கேட்கும்.

இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. மனநல மருத்துவர்கள் நோயைக் கணிக்கப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு (2013), மற்றவருக்கு நேர்ந்த சாவையோ படுகாயத்தையோ நேரில் பார்ப்பதையும் மனக்காயம் உண்டாக்கும் அனுபவமாகவே கணக்கில் எடுக்கிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். அப்படித் தேறுவதைக் கெடுக்கும் காரியங்கள் சில உண்டு. குடிப்பது, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சாலைப் பக்கமே போகாமல் ஒதுங்குவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

இடத்தை விட்டுக் கிளம்பும் முன்

உதவிக்கு ஆட்கள் வந்து பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகு, ஓரமாக 20 நிமிடமாவது உட்காருங்கள். கை நடுங்கும், வாய் உலரும், குளிரும், சிலருக்குக் குமட்டும். உடம்பு முழுக்கப் பாய்ந்த அட்ரினலின் வடிகிறது, அவ்வளவுதான். நடுக்கத்தை அடக்கப் பார்க்காதீர்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்து, எதையாவது போர்த்திக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது வரச் சொல்லுங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அப்போது தோன்றுவதை நம்ப முடியாது. மரத்துப்போன நிலையும் அப்படித்தான் இருக்கும்.

உதவி செய்யும்போது ரத்தம் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். உங்கள் கையில் புண்ணோ வெட்டோ இருந்து அதில் பட்டிருந்தாலும், கண்ணிலோ வாயிலோ தெறித்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு இது நாலாம் நாள்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்து, மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்பே பார்த்ததை எழுதிவிடுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் மாணவர்களுக்கு வாகன மோதல் படம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு பிரிவினரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் பிரிவில் 50க்கு 7 பேரும், இரண்டாம் பிரிவில் 50க்கு 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லே இவ்வளவு செய்யுமானால், கூட்டத்தில் பத்துப் பேர் பேசுவதைக் கேட்ட பிறகு உங்கள் நினைவு உங்களுடையதாக இருக்காது.

எழுதுவது ஒரு பக்கம் போதும். நேரம், நீங்கள் நின்ற இடம், வண்டிகள் வந்த திசை, கண்ணால் கண்டது, காதால் கேட்டது. ஊகித்ததைத் தனியே எழுதி ‘ஊகம்’ என்று குறியுங்கள். பார்க்காததைப் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள், போலீஸுக்கு அதுவும் தேவைப்படும். தேதி போட்டு மடித்து வைத்துவிடுங்கள். செல்போனிலோ காரின் கேமராவிலோ பதிவு இருந்தால் அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். கை தவறித் திறந்துவிடாத இடத்துக்கு மாற்றி வையுங்கள்.

முதல் இரவு

தனியாக இருக்க வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை, வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் கேட்டாலே போதும்.

‘எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடு, லேசாகிவிடும்’ என்று நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் உடனே சொல்லவைக்கும் ஒரே அமர்வு ஆலோசனை பலன் தருவதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று ஆய்வுகள் காட்டியதால், சிகிச்சை வழிகாட்டிகள் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. பேசத் தோன்றினால் பேசுங்கள், தோன்றாவிட்டால் விடுங்கள். கேட்பவர் துருவக் கூடாது. ‘ரத்தம் நிறையப் போச்சா?’ என்பதைவிட ‘சாப்பிட்டியா, நான் இருக்கட்டுமா?’ என்பதே உதவி.

தூக்கம் வருவதற்காகக் குடித்தால் சீக்கிரம் கண் அசரும், பின்னிரவில் தூக்கம் கலைந்து கெட்ட கனவாக வரும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் யாருடைய தூக்க மாத்திரையையும் எடுக்காதீர்கள். டயஸெபாம் வகைப் பதற்ற மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இந்த அறிகுறிகளுக்குத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே மருத்துவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

டெட்ரிஸ் விளையாட்டு பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். கேலியாகத் தோன்றினாலும் விஷயம் உண்டு. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைக்கு வந்த 71 பேரில் ஒரு பகுதியினர், ஆறு மணி நேரத்துக்குள், விபத்தைச் சற்றே நினைவுகூர்ந்துவிட்டு டெட்ரிஸ் ஆடினார்கள். முதல் வாரத்தில் அவர்களுக்குக் காட்சிகள் வந்து தொந்தரவு செய்தது கணிசமாகக் குறைந்தது. கட்டங்களைத் திருப்பிப் பொருத்தும் வேலை, மனம் காட்சிகளைப் பதிக்கப் பயன்படுத்தும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் விளக்கம். நோயே வராமல் தடுக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே 20 நிமிடம் ஆடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

காட்சி கண்முன் வந்து நின்றால்

சாதாரண நினைவு ‘இது முடிந்துபோன விஷயம்’ என்ற முத்திரையோடு வரும். அதிர்ச்சியில் பதிந்ததற்கு அந்த முத்திரை சரியாக விழுவதில்லை. அதனால்தான் பெட்ரோல் வாடையோ, டயர் தேயும் சத்தமோ, தூரத்துச் சைரனோ போதும், இப்போதே நடப்பதுபோல நெஞ்சு படபடக்கிறது.

அதை அடக்கினால் அடங்காது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனை பிரசித்தம்: தடுத்தவர்களுக்கே பிறகு அது அதிகமாக வந்தது. ஆகவே காட்சி வந்தால் துரத்தவும் வேண்டாம், பின்னாலேயே போய்த் தோண்டவும் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இது நினைவு. அது நடந்தது செவ்வாய்க்கிழமை. இன்று சனி. நான் சமையலறையில் நிற்கிறேன்.” பிறகு அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களை எண்ணுங்கள். அன்று இருட்டு, இன்று வெயில். அன்று கேட்டது மோதல் சத்தம், இன்று கேட்டது குப்பை வண்டி. இந்த வித்தியாசப் பட்டியல்தான் விட்டுப்போன முத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்துகிறது.

படபடப்பு அதிகமானால் மூச்சு. மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். இதில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: ‘ஆழமாக இழு’ என்றதும் நெஞ்சு நிறைய வேகமாக இழுக்கிறார்கள், தலை சுற்றி விரல் மரத்து, இன்னும் பயந்துபோகிறார்கள். இழுப்பது மெதுவாக, விடுவது அதைவிட மெதுவாக. அமைதியாக இருக்கும்போதே தினம் இரண்டு வேளை பழகினால்தான் ஆபத்தில் கைகொடுக்கும்.

விபத்தின் வீடியோ குழுக்களில் சுற்றும். பார்க்காதீர்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வில், தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதல் மன அழுத்த அறிகுறிகள் தென்பட்டன.

‘நான் இன்னும் வேகமாக ஓடியிருந்தால்…’

பயத்தைவிட நாள்பட நிற்பது இந்தக் குற்றவுணர்ச்சி. ‘உன் தப்பில்லை’ என்று பத்துப் பேர் சொன்னாலும் போகாது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது. வலப்பக்கம், பிறகு தெரியவந்தது. ‘லாரி நிற்காது’ என்பது எந்தப் பக்கம்? ‘அவருக்கு உள்ளே ரத்தக் கசிவு’ என்பது? நம்மைக் குற்றவாளி ஆக்கும் வரிகளில் பெரும்பாலானவை வலப்பக்கமே போய் விழும். திகைத்து நின்றதையும் கோழைத்தனமாக எழுதாதீர்கள், உறைந்துபோவது ஓடுவதைப் போலவே உடம்பின் அனிச்சைச் செயல். பலத்த அடியால் இதயம் நின்றுபோனவர்களில், தேர்ந்த மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தாலும் பிழைப்பவர்கள் மிகச் சிலரே.

அடிபட்டவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால் போலீஸ் மூலம் ஒருமுறை விசாரியுங்கள். பதில் கிடைக்காமல் போகலாம் என்ற தயாரிப்போடு கேளுங்கள். குடும்பத்தைத் தேடிப் போக வேண்டாம், அவர்களாகக் கூப்பிட்டால் வேறு விஷயம்.

திரும்பவும் சாலைக்கு

ஒரு நாள் அந்த வழியைத் தவிர்த்தால் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் பொறி. தவிர்த்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். முதலில் அந்தச் சந்திப்பு, அப்புறம் அந்தச் சாலை, கடைசியில் காரில் ஏறுவதே முடியாமல் போகும். முதல் வாரம் முடிவதற்குள்ளாவது சின்ன அளவில் தொடங்கிவிடுங்கள்.

பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, 3இல் இருந்து தொடங்குங்கள். உதாரணமாக:

1. நின்றிருக்கும் காரில் கதவை மூடி 15 நிமிடம் உட்காருவது.
2. நம்பிக்கையானவர் ஓட்ட, ஆளில்லாத தெருவில் ஒரு சுற்று.
3. அதே தெருவில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டுவது.
4. போக்குவரத்து உள்ள சாலையில், பகலில்.
5. விபத்து நடந்த இடத்துக்கு நடந்து போய், ஓரமாக நின்று, சுற்றிலும் பார்ப்பது.
6. அந்த இடத்தைத் தனியே ஓட்டிக் கடப்பது. பிறகு விபத்து நடந்த அதே நேரத்தில்.

நடந்து போவது பலருக்கு ஓட்டுவதைவிட எளிது, அப்படியானால் ஐந்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை இருக்க வேண்டும். 6இல் தொடங்கினால் 3 ஆகும்வரை. பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். உச்சத்தில் இறங்கி ஓடிவிட்டால் பயம் ஜெயித்த கணக்காகிவிடும், அடுத்த முறை இன்னும் கடினம். ஒரே படியை மூன்று நாள் செய்து சலிப்புத் தட்டினால் அடுத்தது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரத்தைவிடத் தினம் அரை மணி நேரம் மேல்.

எல்லாம் செய்தும் பயம் இறங்கவில்லை என்றால், நைசாக ஏதாவது ஒளித்துச் செய்கிறீர்களா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொள்வது, பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதிப்பது, ஸ்டியரிங்கை விரல் வெளுக்கப் பிடிப்பது, நொடிக்கொரு முறை கண்ணாடி பார்ப்பது. இவை இருக்கும்வரை ‘இதனால்தான் தப்பித்தேன்’ என்ற பாடமே நிற்கும். ஒன்றொன்றாக விடுங்கள்.

ஓட்டும்போது நினைவு தப்பி, கடந்த சில நிமிடம் எங்கே இருந்தோம் என்று தெரியாமல் போனால் ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதைப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

குழந்தை உடன் இருந்திருந்தால்

பொம்மைக் காரை மோதவிட்டு விளையாடுவதையே திரும்பச் செய்யலாம், படுக்கையை நனைக்கலாம், உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். அதட்டாதீர்கள். கேட்டதற்கு மட்டும், சின்ன வாக்கியத்தில், உண்மையைச் சொல்லுங்கள். இறந்தவரைத் ‘தூங்குகிறார்’ என்றால் தூங்கப் போகவே பயப்படும். தினசரி நேரங்கள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது

ஒரு மாதம் கடந்தும் காட்சிகளும் கனவுகளும் குறையவில்லை, சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, வேலையும் உறவும் பாதிக்கிறது என்றால் போங்கள். சாகத் தோன்றினாலோ, குடி கூடினாலோ, பல நாள் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் போனாலோ மாதக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே.

வெறுமனே ‘தூக்கம் வரவில்லை’ என்றால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். ‘இந்தத் தேதியில் ஒரு விபத்தை நேரில் பார்த்தேன், அதிலிருந்துதான்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நன்கு நிரூபணமான சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, மனக்காயத்தை மையமாக வைத்த சிந்தனை-நடத்தை சிகிச்சை, வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். மற்றது, உளவியலாளர் ஃப்ரான்சின் ஷாப்பிரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய இஎம்டிஆர் என்ற கண்ணசைவு முறை. இரண்டிலும் அந்த நினைவையே எடுத்து, பாதுகாப்பான இடத்தில், அளவாகக் கையாளுவார்கள். ஆறு அமர்வு போன பிறகும் விபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சாட்சி சொல்ல அழைப்பு பல மாதம் கழித்து வரலாம். அதற்கு முந்தைய சில நாட்கள் தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் தலைகாட்டும். நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்க வேண்டாம், பெரும்பாலும் அது முடிந்ததும் தணிந்துவிடும். மடித்து வைத்த அந்த ஒரு பக்கத்தை முந்தைய நாள் பகலில் ஒருமுறை மட்டும் படியுங்கள், ராத்திரியில் வேண்டாம். போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நினைவில்லாததைக் கேட்டால் ‘நினைவில்லை’ என்று சொன்னால் போதும்.