ஐரோப்பிய யூனியன்ல ஒரு பெண்ணுரிமை சட்டம் எங்க மாட்டுச்சு, யார் மாட்ட வெச்சாங்கன்னு நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி

ஐரோப்பிய யூனியன்ல பெண்கள் சம்பந்தப்பட்ட சட்டம் ஏதாவது வந்தா நம்ம கண்ணுல ரெண்டே ரெண்டு நியூஸ்தான் படும், யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் பிரபோசல் வெச்ச அன்னிக்கு ஒண்ணு, கடைசியா பாஸ் ஆன அன்னிக்கு ஒண்ணு. நடுவுல சில சமயம் பத்து வருஷம் ஓடிடும், அதுக்குள்ள சட்டம் எவ்ளோ இளைச்சுப்போச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்னு தோணுது, ஏன்னா எதிர்ப்பு மொத்தமும் அங்கதான் இருக்கு. பிரஸ்ஸல்ஸ்ல மைக் புடிச்சு பெண்களுக்கு சமத்துவம் வேணாம்னு பேசறவங்க ரொம்ப கம்மி. லீகல் பேஸிஸ் (இந்த சட்டம் போட ஒப்பந்தம் கொடுக்கற அதிகாரம்) சரியில்ல, இது எங்க நாட்டு பார்லிமென்ட் முடிவு பண்ண வேண்டியது, கம்பெனிங்களுக்கு செலவு ஜாஸ்தி, இந்த வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க, இப்படித்தான் வரும். அதனால அதை தேடித்தான் எடுக்கணும்.

முதல்ல ரெண்டு நம்பர் எடுங்க. பிரபோசலுக்கு ஒரு ப்ரொசீஜர் நம்பர் இருக்கும், பாஸ் ஆனா சட்டத்துக்குன்னு தனி நம்பர் கிடைக்கும், ரெண்டுலயும் வருஷம்தான் முன்னாடி நிக்கும். யூனியன் சட்டங்களை போடற யூர்லெக்ஸ் (EUR-Lex) சைட்லயும், ஃபைல் எந்த கட்டத்துல இருக்குன்னு காட்டற ஐரோப்பிய பார்லிமென்ட்டோட லெஜிஸ்லேட்டிவ் அப்சர்வேட்டரி சைட்லயும் இது ஃப்ரீயா கிடைக்குது. கம்பெனி போர்டுல பெண்கள் இருக்கணும்ங்கற சட்டத்துக்கு பிரபோசல் நம்பர் 2012/0299, சட்டம் 2022/2381. பாத்த உடனே தெரியுது, பத்து வருஷம். பிரசவ லீவ் பிரபோசல் 2008/0193, அதுக்கு ரெண்டாவது நம்பரே கிடையாது. 1992ல இருந்து குறைந்தபட்சம் 14 வாரம்னு இருக்கறதை கமிஷன் 18 ஆக்கலாம்னுச்சு, 2010ல பார்லிமென்ட் 20 வாரம் முழு சம்பளத்தோடன்னு ஓட்டு போட்டுச்சு, நாடுகளோட மந்திரிங்க உக்காந்திருக்கற கவுன்சில் செலவைக் காட்டி அப்படியே வெச்சிருச்சு, 2015ல கமிஷனே வாபஸ் வாங்கிடுச்சு. தோத்ததுக்கு ஒரு ஓட்டெடுப்பு கூட கிடையாது, கிடப்புல போட்டே சாகடிச்சாங்க. இந்த மாதிரி பாதியில நின்ன ஃபைல்களையும் கண்டிப்பா தேடுங்க, பாஸ் ஆனதை மட்டும் படிச்சா பாதி கதைதான்.

அடுத்து லீகல் பேஸிஸ். இதுக்கு கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, அவசரப்படாதீங்க. பிரபோசலோட முதல் சில வரிகள்லயே எந்த ஒப்பந்தத்தோட எந்த பிரிவுல எழுதறோம்னு போட்டிருப்பாங்க.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா 1957க்கு போகணும். இன்னிக்கு யூனியனுக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தத்துல 119வது பிரிவு, ஆணும் பெண்ணும் சம வேலைக்கு சம சம்பளம். பெண்ணுரிமைக்காக மட்டும் வந்ததுன்னு நெனச்சா தப்பு. பிரான்ஸ்ல ஏற்கனவே சம சம்பள விதி இருந்துச்சு, பக்கத்து நாடுகள் பெண்களுக்கு கம்மி சம்பளம் கொடுத்து துணியை மலிவா வித்தா நம்ம மில்லுங்க என்ன ஆகறதுன்னு அவங்க பயந்தாங்க, அந்த போட்டி பயத்துல வந்த பிரிவு இது. வந்தும் ரொம்ப வருஷம் பேப்பர்லயே கிடந்துச்சு. 1966ல பெல்ஜியத்துல ஹெர்ஸ்டால் ஆயுத ஃபேக்டரி பெண் தொழிலாளிங்க சம சம்பளம் கேட்டு பல வாரம் ஸ்ட்ரைக் பண்ணாங்க. அப்புறம் சபேனா ஏர்லைன்ஸ்ல ஏர்ஹோஸ்டஸா இருந்த கேப்ரியல் டெஃப்ரென், 40 வயசானா பெண்கள் மட்டும் வேலையை விட்டு போகணும்ங்கற ரூலால வெளிய வந்தவங்க, எலியான் வோகல் போல்ஸ்கிங்கற வக்கீலோட சேர்ந்து கேஸ் நடத்தினாங்க. 1976ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு, 119வது பிரிவை வெச்சு எந்த பெண்ணும் தன் நாட்டு கோர்ட்டுக்கே நேரா போலாம்னு. ஆனா அதே தீர்ப்புல, பழைய சம்பள பாக்கியை இப்போ புதுசா யாரும் கேக்க முடியாது, ஏற்கனவே கேஸ் போட்டவங்களுக்கு மட்டும்தான்னும் வெச்சாங்க, ஏன்னா பிரிட்டனும் அயர்லாந்தும் அவ்ளோ காசு எங்களால தாங்க முடியாதுன்னு வாதாடினாங்க. ஜெயிச்ச தீர்ப்புக்குள்ளயே எதிர்ப்பு எப்படி உக்காந்திருக்கும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல, அதனால தீர்ப்பை படிக்கும்போது கடைசி பாராக்களை விடாதீங்க.

இதோட விளைவு இன்னிக்கும் இருக்கு. வேலை, சம்பளம்னா பழைய 119, இப்போ இருக்கற யூனியன் ஒப்பந்தத்துல (TFEU) 157வது பிரிவு, மெஜாரிட்டி ஓட்டு போதும். வேலைக்கு வெளிய பாகுபாடுன்னா அதே ஒப்பந்தத்துல 19வது பிரிவு, அத்தனை நாடும் ஒத்துக்கணும், ஒரே ஒரு நாடு தலையாட்டலன்னாலும் அவ்ளோதான். உடம்பு, வன்முறைன்னு வந்தா இன்னும் கஷ்டம். 2022 மார்ச் 8 அன்னிக்கு கமிஷன் பெண்கள் மீதான வன்முறை பத்தி ஒரு டைரக்டிவ், அதாவது ஒவ்வொரு நாடும் தன் சட்டமா மாத்தி எழுத வேண்டிய யூனியன் சட்டம், பிரபோசலா வெச்சுது, அதுல 5வது பிரிவு, சம்மதம் இல்லாத உறவு ரேப். யூனியன் ஒப்பந்தத்துல கிரிமினல் சட்டத்துக்கான 83வது பிரிவுல எந்தெந்த குற்றத்துக்கு யூனியன் சட்டம் போடலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல ரேப் இல்ல, பாலியல் சுரண்டல்னு இருக்கு. கமிஷன் அதுக்குள்ள ரேப்பும் அடங்கும்னுச்சு, கவுன்சிலோட சட்டப் பிரிவு அடங்காதுன்னுச்சு, பிரான்ஸும் ஜெர்மனியும் அந்த பக்கம் நின்னாங்க. ஸ்வீடன்ல 2018லயே, ஸ்பெயின்ல 2022லயே சம்மதத்தை வெச்ச சட்டம் வந்தாச்சு, ஆனாலும் 5வது பிரிவை தூக்கிட்டுத்தான் 2024 மே மாசம் டைரக்டிவ் பாஸ் ஆச்சு. பெண் உறுப்பு சிதைப்பு, கட்டாயக் கல்யாணம், அந்தரங்க படங்களை அனுமதி இல்லாம பரப்பறது எல்லாம் குற்றம்னு வந்துச்சு, அது பெரிய விஷயம்தான். ஆனா நடுவுல இருந்தது போச்சு. அதே பிரான்ஸ் 2025ல தன் சொந்த சட்டத்துல சம்மதத்தை சேத்துக்கிச்சு. அப்ப அந்த எதிர்ப்பு முழுக்க சட்ட நுணுக்கம்தானா, இல்ல வன்முறை சட்டத்துல பிரஸ்ஸல்ஸ் கை வைக்கக்கூடாதுங்கறதான்னு நீங்களே யோசிங்க, என் கணக்குல ரெண்டாவதுக்குத்தான் எடை ஜாஸ்தி.

லீகல் பேஸிஸ் தெரிஞ்சுட்டா ஓட்டுக்கணக்கு போடலாம். மெஜாரிட்டின்னா 27ல 15 நாடு, அதோட மொத்த ஜனத்தொகைல 65 சதவீதம். தடுக்கறதுக்கு குறைஞ்சது நாலு நாடு, 35 சதவீதத்துக்கு மேல ஜனத்தொகை. அதனால ஜெர்மனி மாதிரி பெரிய நாடு எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. போர்டு சட்டத்தை 2012ல கமிஷன்ல இருந்த விவியன் ரெடிங் கொண்டு வந்தப்போ ஜெர்மனி, பிரிட்டன், நெதர்லாந்து எல்லாம் எதிர்ப்பு. 2015ல ஜெர்மனி தன் நாட்டு பெரிய கம்பெனிங்களுக்கு 30 சதவீதம்னு சட்டமே போட்டுச்சு, ஆனா பிரஸ்ஸல்ஸ்ல மட்டும் பிடிவாதம் விடல. 2021 கடைசில அங்க ஆட்சி மாறுச்சு, 2022 மார்ச்ல கவுன்சில் ஒத்துக்கிச்சு. நான் சொல்ல வர்றது, பெரிய நாட்டு எலக்‌ஷன் தேதியை உங்க நோட்ல எழுதி வெச்சுக்கங்க, நின்னு போன ஃபைல் எப்போ நகரும்ங்கறதுக்கு அதுதான் நல்ல துப்பு.

எவ்ளோ வெட்டினாங்கன்னு பாக்கறதுக்கு நாலு காலம் (column) டேபிள்னு ஒண்ணு இருக்கு. மூணு தரப்பும் மூடின ரூம்ல பேரம் பேசறப்போ யூஸ் பண்றது, கமிஷன் சொன்னது, பார்லிமென்ட் கேட்டது, கவுன்சில் நிலைப்பாடு, கடைசி சமரசம், பக்கத்து பக்கத்துல. 2018ல கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இதை கேட்டு வாங்கறது முன்னைக்கு ஈஸி. கவுன்சில் பேப்பர்ல எந்த நாடு என்ன சொல்லுச்சுன்னு பேரோட பாக்கற உரிமையும் 2013ல ஒரு தீர்ப்புல வந்ததுதான், பேரை கருப்பு பண்ணி அனுப்பினா அதை சொல்லி திரும்ப கேளுங்க. சம்பள வெளிப்படைத்தன்மை சட்டத்தை இப்படி பாத்தா கமிஷன் 250 பேருக்கு மேல வேலை செய்யற கம்பெனிதான் ஆண், பெண் சம்பள வித்தியாசத்தை பத்தி ரிப்போர்ட் தரணும்னுச்சு, பார்லிமென்ட் 50ன்னு கேட்டுச்சு, முடிஞ்சது 100ல. எல்லா பேரமும் இளைக்கத்தான் வைக்கும்னு இல்ல, இதுல தள்ளினவங்க ஜெயிச்சாங்க.

பார்லிமென்ட் எப்பவும் நம்ம பக்கம்னு நம்பி விட்டுடாதீங்க. 2013 டிசம்பர்ல போர்ச்சுகல் எம்பி எடிட் எஸ்ட்ரெலா கொண்டு வந்த பாலியல், இனப்பெருக்க உரிமை ரிப்போர்ட்டுக்கு பதிலா இதெல்லாம் அந்தந்த நாட்டு விஷயம்னு சொல்ற சின்ன தீர்மானம் ஒண்ணு 334க்கு 327ன்னு ஜெயிச்சுது. அதுக்கு முன்னாடி எம்பிக்களோட மெயில்பாக்ஸ் எதிர்ப்பு மெயில்ல நிறைஞ்சு வழிஞ்சுது. ரோல்கால் ஓட்டு லிஸ்ட்ல யார் எப்படி போட்டாங்கன்னு பேரோட இருக்கும், கட்சி பேரை மட்டும் பாக்காம ஆளையும் பாருங்க.

சட்டம் இல்லாத டாக்குமென்ட்டுகளும் இருக்கு, அங்க வார்த்தையும் டாக்குமென்ட் வகையும் பேசும். 2016ல இருந்து 2019 வரைக்குமான பெண் சமத்துவ திட்டத்தை கமிஷன் முழு ஸ்ட்ராட்டஜியா வெளியிடாம ஆபீசர்ங்க லெவல் வேலைப் பேப்பரா இறக்கிடுச்சு, உள்ள இருக்கறது நல்லாருந்தாலும் அரசியல் எடை போயிடுச்சு. 2020 டிசம்பர்ல வெளியுறவு சம்பந்தமான பாலின திட்டத்துக்கு ஹங்கேரி, போலந்து, பல்கேரியா ஒத்துக்காததால கவுன்சில் பேர்ல வர வேண்டியது கவுன்சிலுக்கு அப்போ சுழற்சில தலைமை வகிச்ச நாட்டு பேர்ல மட்டும் வந்துச்சு. 2021 மே மாசம் போர்ச்சுகல்ல நடந்த போர்ட்டோ யூனியன் தலைவர்கள் மாநாட்டு அறிக்கைல ஹங்கேரியும் போலந்தும் அழுத்தம் கொடுத்து பாலின சமத்துவம்ங்கற சொல்லையே எடுக்க வெச்சாங்க. டிராஃப்டையும் ஃபைனலையும் பக்கத்துல வெச்சு தேடுங்க, எந்த சொல் காணாம போயிருக்குன்னு. கூடவே பட்ஜெட்டையும் பாருங்க, எல்லா கொள்கைலயும் பாலின சமத்துவத்தை சேப்போம்னு 1990கள்ல இருந்து வாக்கு கொடுத்திட்டு யூனியன் பட்ஜெட்ல அதை செய்யலன்னு 2021ல ஐரோப்பிய தணிக்கை அமைப்பே எழுதிடுச்சு.

இஸ்தான்புல் ஒப்பந்தத்தை தனி ஃபைலா வெச்சுக்கங்க, ஏன்னா பெண்கள் மீதான வன்முறையை தடுக்கற அந்த ஒப்பந்தம், ஐரோப்பிய கவுன்சில்ங்கற (Council of Europe), யூனியனுக்கு சம்பந்தமில்லாத வேற அமைப்போடது, நிறைய பேர் இங்க குழம்பிடறாங்க. 2011ல வந்துச்சு, யூனியன் 2017ல கையெழுத்து போட்டுச்சு. 2018ல பல்கேரியாவோட அரசியல் சாசன நீதிமன்றம் ஜெண்டர்ங்கறதை காரணம் காட்டி எங்க சாசனத்துக்கு விரோதம்னுச்சு, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி பார்லிமென்ட்டுகளும் மறுத்துச்சு, 2021ல துருக்கி வெளியவே போச்சு. அதே வருஷம் அக்டோபர்ல யூனியன் நீதிமன்றம், எல்லா நாடும் சம்மதிக்கற வரைக்கும் காத்திருக்கணும்னு கட்டாயம் இல்ல, மெஜாரிட்டியே போதும்னு கருத்து கொடுத்துச்சு. அந்த கதவு வழியா 2023 ஜூன்ல யூனியன் உள்ள போச்சு. ஆனா அது யூனியனோட அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்துக்கு மட்டும்தான், ஒரு நாடு தனியா ஏத்துக்கலன்னா மத்ததுக்கு அந்த நாட்டை கட்டாது.

பாஸ் ஆன உடனே ஃபைலை மூடிடாதீங்க. டைரக்டிவ்னா ஒவ்வொரு நாடும் தன் சட்டமா மாத்தி எழுதணும், மறுபடியும் சுருக்கறது அங்கதான். சம்பள சட்டத்துக்கு கெடு 2026 ஜூன் 7, அதுக்கப்புறம் பழைய சம்பளம் எவ்ளோன்னு இன்டர்வியூல கேக்கக்கூடாது, உங்க வேலைக்கு ஆண், பெண் சராசரி சம்பளம் என்னன்னு நீங்க கேட்டா சொல்லியாகணும், ஜெர்மனிலயோ பிரான்ஸ்லயோ டென்மார்க்லயோ வேலை பாக்கற நம்ம பெண்கள் இதை தெரிஞ்சு வெச்சுக்கங்க. லண்டன்லயும் சுவிஸ்லயும் இருக்கறவங்களுக்கு இது வராது, அந்த நாடுகள் யூனியன்ல இல்ல. போர்டு சட்டத்தோட இலக்கு 2026 ஜூன் 30, நேரடி நிர்வாகத்துல இல்லாத டைரக்டர்கள்ல 40 சதவீதம் இல்ல மொத்த டைரக்டர்கள்ல 33 சதவீதம், 250 பேருக்கு கம்மியா இருக்கற சின்ன, நடுத்தர கம்பெனிக்கு விலக்கு, ஏற்கனவே சொந்தமா வழி பண்ணின நாடுகளுக்கும் சில விதிகள்ல தளர்வு. வன்முறை டைரக்டிவுக்கு 2027 ஜூன் 14. யூர்லெக்ஸ்ல அந்தந்த சட்டத்தோட பக்கத்துலயே எந்த நாடு எந்த சட்டத்தை அனுப்பியிருக்குன்னு லிஸ்ட் வரும், காலியா இருக்கற நாடு பேரை குறிச்சுக்கங்க, கமிஷன் அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிச்சான்னு கமிஷன் சைட்டோட விதிமீறல் (infringement) பக்கத்துல சில மாசம் கழிச்சு திரும்ப பாருங்க.