பழைய போன், லேப்டாப்: எப்போது மாற்றுவது?

வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்பதைத்தான். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவும் இல்லை என்றால் அதில் வங்கி ஆப் வைத்திருக்க வேண்டாம், பாட்டுக் கேட்க ஒதுக்கிவிடலாம். லேப்டாப் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாவிட்டால் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டுப் பாருங்கள், இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் தாராளமாகப் போதும்.

அப்புறம் வேகம். லேப்டாப் ஆன் ஆகவே பல நிமிடம் எடுக்கிறதா? எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காகவும் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான், அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) மாற்றினால் ஆளே மாறிவிடும். ராமையும் (RAM, தற்காலிக நினைவகம்) கூட்டலாம், ஆனால் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஐபோனில் பேட்டரி கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, போனின் பின்மூடி பிளந்தாலோ கதை வேறு: பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள்.

ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். டிவி விதிவிலக்கு, படம் நன்றாக இருந்து ஆப் மட்டும் ஓடவில்லை என்றால் டிவியில் செருகி ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும்.