தூண்டிலோடு குடும்பத்தையும் கடலுக்குக் கூட்டிப்போகும்போது

காலை ஏழரை மணி இருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற கோவளத்துக்குத் தெற்கே, கரை வெறும் கோடாகத் தெரிகிற தூரம். அக்கா ஐஸ் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய 9 வயது மகன் மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்மா" என்றான். படகின் முன்பக்கம் தூண்டில் ராடும் கையுமாக நின்ற மாமாவும் என் நண்பர்கள் இரண்டு பேரும், "இன்னும் ஒரே ஒரு பாரு பார்த்துட்டுத் திரும்பிடலாம்" என்றார்கள். பாரு என்றால் மீன் கூடுகிற கடலடிப் பாறைத்திட்டு. படகோட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். காசு கொடுத்தவன் நான்தானே.

"சரி, ஒரே ஒரு பாரு" என்றேன். அக்கா அதற்கப்புறம் இரண்டு வருடம் கடற்கரைக்குக்கூட என்னோடு வரவில்லை.

ஒரே படகில் இரண்டு பயணம்

குடும்பத்தோடு போகிற தூண்டில் பயணங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. வஞ்சிரம், பெரிய பாறை மீன் என்று தேடிப் போகிறவருக்குப் பத்து மணி நேரம் வெறுங்கையோடு அலைந்தாலும் சலிக்காது. மற்றவர்களுக்குச் சூரிய உதயம் பார்க்க வேண்டும், பிள்ளைகள் கையில் ஏதாவது ஒரு மீன் துள்ள வேண்டும், பசிக்கிற நேரத்துக்குக் கரையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையையும் ஒரே படகில் ஏற்றினால் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

பெரிய மீனுக்காகச் செயற்கை இரையை ஆட்டியும் எறிந்தும் பிடிக்கிற ஜிக்கிங், பாப்பிங் எல்லாம் நண்பர்கள் மூன்று நான்கு பேர் மட்டும் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப நாளில் கரைக்கு நெருக்கமாக, பத்துப் பதினைந்து பாகம் ஆழமுள்ள ஒரு பாருக்குப் போங்கள். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு, ஏறக்குறைய 6 அடி. ராடு இல்லாமல் கையாலேயே விடுகிற தூண்டில் நூலான கைநரம்பு, ஒரு ஈயக்கட்டி, சின்னத் தூண்டில் முள், இறால் துண்டோ கணவாய்த் துண்டோ இரை. சங்கரா, சின்னக் களவா என்று ஏதாவது கொத்திக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய ரீலை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் மனம் கேட்காது, எனக்கே கேட்பதில்லை.

நேரமும் முக்கியம். விடியும்போது கிளம்பி பத்து, பத்தரைக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். சென்னைப் பக்கம் வெயில் காலத்தில் உச்சிப்பொழுதை ஒட்டிக் கடல்காற்று எழும்பும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் அந்த ஒரு மணி நேரத்தில் வேறு கடலாகிவிடும்.

எந்தப் படகு, எங்கிருந்து

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் குடும்பமாகப் படகேறியவர்களில் 22 பேர் இறந்துபோனார்கள். மீன்பிடிப் படகு, அளவுக்கு மேல் ஆட்கள், உடம்பில் லைஃப் ஜாக்கெட் கிடையாது. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம் போவதை அதிகாரிகள் ஏன் தடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் அந்த நாளை நினைத்துக்கொள்ளலாம். பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகா, எத்தனை பேருக்கு அனுமதி, இந்த இரண்டையும் பணம் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்" என்று பதில் வந்தால் வேறு படகு பாருங்கள்.

அடுத்தது, ஏறுகிற இடம். குப்பத்து மணலிலிருந்து தள்ளிவிடுகிற ஃபைபர் படகு, கரையலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நடுக்கடலைவிட அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்து. அலைக்கும் அலைக்கும் நடுவில் இடைவெளி பார்த்து எஞ்சினை முறுக்குகிற வித்தை மீனவர்களுக்குத் தெரியும். படகில் எங்கே உட்கார வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் மாமியாருக்குத் தெரியாது. வயதானவர்களும் பிள்ளைகளும் இருந்தால், துறைமுகத்திலோ படகுத்துறையிலோ கால் வைத்து ஏறுகிற படகாகப் பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் "படகில் இருக்கிறது" என்பது பதில் ஆகாது. உடம்பில் இருக்க வேண்டும், கரையிலேயே மாட்ட வேண்டும். பிள்ளைக்கு மாட்டி, பட்டையெல்லாம் இறுக்கிய பிறகு இரண்டு தோள் பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது பெரியவர்களுடையது. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பிள்ளை அளவுக்குப் பெரும்பாலும் படகில் இருக்காது, நீங்களே வாங்கிக்கொண்டு போவதுதான் நல்லது.

காற்றும் அட்வான்சும்

முன்பணம் கொடுத்தாயிற்று, லீவு போட்டாயிற்று, பெங்களூரிலிருந்து சித்தப்பா பையன் வந்திறங்கியாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்தால், வானம் எப்படி இருந்தாலும் "போயிடலாம்" என்றுதான் வாய் வரும். அதனால் நான் இப்போது தேதி பேசும்போதே, காற்று சரியில்லை என்றால் இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிற படகுக்குத்தான் பணம் கொடுக்கிறேன்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் நம் கடற்கரைகளுக்கு அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு தருகிறது. அதைப் பார்ப்பவர்கள்கூட ஒரு இடத்தில் ஏமாந்துபோவார்கள். 1.5 மீட்டர் அலை என்று போட்டிருந்தால் எல்லா அலையும் அதற்குள் அடங்கும் என்று நினைப்பார்கள். அந்த எண், வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுநடுவே ஒற்றை அலை அதன் இரண்டு மடங்கை நெருங்கியும் வரலாம். குடும்பத்தோடு என்றால் 1 மீட்டரைத் தாண்டினாலே நான் கிளம்புவதில்லை. இது என் கணக்கு. உங்கள் படகோட்டி இன்னும் குறைத்துச் சொன்னால் அவர் கணக்குதான் கணக்கு. நான்கு மணிக்குக் கரையில் நின்று காற்றை முகத்தில் வாங்கிவிட்டு அவர் "இன்னிக்கு வேணாம்" என்றால், செல்போனைக் காட்டி வாதாடாதீர்கள்.

மாதம் பார்த்தால், வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பப் பயணத்துக்கு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால் கேட்காமலே பயணம் போடுகிறவர்கள் நிறைய. கிறிஸ்தவ மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். பெண்களைப் படகில் ஏற்றத் தயங்குகிற குப்பங்களும் உண்டு. உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் விடிகாலையில் மணலில் நின்று தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை அது.

கரையில் ஒருவரிடம் எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. கொஞ்ச தூரம் போனால் செல்போன் சிக்னல் போய்விடும், அதனால் இந்த எண்கள் உங்களைவிடக் கரையில் இருப்பவருக்குத்தான் அதிகம் உதவும். படகில் வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வாந்தியும், யாரும் பேசாத ஒன்றும்

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் செய்கிற முதல் தவறு, தலை சுற்ற ஆரம்பித்த பிறகு மாத்திரை போடுவது. அதற்குள் வயிறு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாது. அவோமின் மாதிரி மாத்திரைகளை முந்தின இரவோ, ஏறுவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னாலோ போட்டால்தான் பலன். தூக்கம் வரும். பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது என்பது பொய். இரண்டு இட்லி போதும், பூரி மசால் வேண்டாம். எஞ்சின் புகை வருகிற பக்கம் உட்காராமல் நடுப்படகில் உட்கார்ந்து, அடிவானத்தைப் பாருங்கள். குனிந்து முள்ளில் இரை கோர்ப்பவரும் செல்போன் பார்ப்பவரும்தான் முதலில் விழுவார்கள்.

அன்றைக்கு அக்காவுக்கு ஏன் அவ்வளவு மோசமானது என்று பிறகுதான் தெரிந்தது. முந்தின ராத்திரியிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஃபைபர் படகில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் படகு ஓரத்தில் திரும்பி நின்றுகொள்கிறார்கள், பெண்கள் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருகிறார்கள். வெயில், வறண்ட உடம்பு, அலை என்று மூன்றும் சேர்ந்தால் தலைவலியும் மயக்கமும் வராமல் என்ன செய்யும்? பயணத்துக்குக் கூப்பிடுகிற ஆண் யாரும் இதைப் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை. இப்போது பெண்கள் வந்தால் கேபினும் கழிப்பறையும் உள்ள படகு, அது கிடைக்காவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஒரு மூடி போட்ட வாளியும், கயிறு கட்டிய பெரிய போர்வையும் எப்போதும் ஏற்றிவிடுவேன். போர்வை எதற்கு என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். சங்கடம் ஒரு நிமிடம்தான்.

சாராய விஷயம் சுருக்கமாக. படகில் வேண்டாம், முந்தின ராத்திரியும் வேண்டாம்.

முள், நரம்பு, விரல்

பாரில் சிக்கிக்கொண்ட முள்ளை விடுவிக்க என் நண்பர் ஒருவர் பின்னல் நூலான பிரெய்டு நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இழுத்தார். அதே நொடி ஒரு அலை படகைத் தூக்கியது. முள் வரவில்லை, நரம்பு சதைக்குள் இறங்கியது. வெள்ளைக் கோடாகத் தெரிந்து, அப்புறம்தான் ரத்தம் வந்தது. ஐந்து தையல். நரம்பை எந்தக் காரணத்துக்கும் கையில் சுற்றாதீர்கள். ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுங்கள், வராவிட்டால் அறுத்துவிடுங்கள்.

மீன் ஓடும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற டிராக்கை முழுசாக முறுக்கி வைப்பது இன்னொரு தவறு. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தால் போதும். சூரை ஓடுகிற ஓட்டத்தில் முறுக்கின டிராக், நரம்பையோ ராடையோ, ராடைப் பிடித்திருக்கும் பையனையோ பறித்துக்கொண்டு போகும். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் முள்ளுக்கு மேலே ஒரு துண்டு கம்பி இல்லாவிட்டால் பல்லால் நறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பிள்ளைகள் படகில் இருக்கும்போது தலைக்கு மேல் ராடைச் சுழற்றி லூர் என்கிற செயற்கை இரையை எறியவே கூடாது. மூன்று முள் கொத்து பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் மாட்டும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற சின்னக் கொக்கியை முன்கூட்டியே பிளேயரால் நசுக்கி வைத்தால் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும், அதே பிளேயரில் முள்ளை வெட்டவும் முடிய வேண்டும். கண் பக்கத்தில் குத்தினால் நீங்கள் தொடாமல் கரைக்குத் திரும்புங்கள்.

கெளுத்தி வந்தால் ஆசையாகப் பிடிக்கப் போகிற பிள்ளையைத் தடுங்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் முள். அதுவோ திருக்கை வாலோ குத்தினால், பொறுக்க முடிகிற அளவு சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகவே டீ ஃபிளாஸ்க்கோடு ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க்கும் எடுத்துப் போகிறேன். பந்து மாதிரி ஊதுகிற பேத்தையைப் பிள்ளைகள் சிரித்து ரசிக்கட்டும், அப்புறம் கடலில் விட்டுவிடுங்கள். அதன் விஷம் கொதித்தாலும் போகாது.

ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமை கண்ணில் படலாம். எஞ்சினைக் குறைத்து விலகிப் போங்கள். ஆமைகள், திமிங்கலச் சுறா, கடல்குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்தால் அதுவே வழக்காகிவிடும். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் போகிறவர்கள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதை மறக்க வேண்டாம்.

பிடித்த மீனை விஷமாக்குவது

சூரை, கானாங்கெளுத்தி மாதிரியான மீன்களை வெயிலில் போட்டு வைத்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அதற்கப்புறம் எவ்வளவு வறுத்தாலும், புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். "மீன் ஒத்துக்கல" என்று சொல்லி மறந்துவிடுவோம். மீனை ஐஸில் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில்தான், ஆனால் ஐஸ் பெட்டியில் முதலில் ஜூஸும் தர்பூசணியும் ஏறிவிடுகிறது, மீன் தளத்தில் கிடக்கிறது. இரண்டு பெட்டி கொண்டுபோங்கள். மீன் வந்ததும் செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, ஐஸும் கொஞ்சம் கடல் தண்ணீரும் கலந்த குழம்பில் முழுகும்படி போடுங்கள். வெறும் ஐஸைவிட இது சீக்கிரம் குளிரவைக்கும்.

மீன் யாருக்கு என்பதையும் கரையிலேயே பேசிவிடுங்கள். சில படகுகளில் முழுதும் உங்களுக்கு, சிலவற்றில் பாதி படகுக்கு. இரண்டு வருடம் கழித்து அக்காவையும் பையனையும் மறுபடி கூட்டிப்போனபோது, மூன்று மணி நேரத்தில் அவன் கைநரம்பில் ஐந்து சங்கரா பிடித்தான். பேசியபடி இரண்டைப் படகுக்குக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்று அவன் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்க, படகோட்டி அண்ணன் எல்லாவற்றிலும் சின்னதாக இரண்டை அவரே எடுத்துக்கொண்டார்.