தேனும் இரண்டு ட்ரேயும்: கேமரா இல்லாமல் ஒரு கெமிகிராம்

போன மாதம் போட்ட கறுப்பு வெள்ளை வளையப் படத்தை எந்த ஆப்பில் செய்தேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆப் எதுவும் இல்லை, கேமராவும் இல்லை. போட்டோ பேப்பரில் தேனைத் தடவி இரண்டு ரசாயனத்தில் மாற்றி மாற்றி முக்கினேன், அவ்வளவுதான். இதற்குப் பெயர் கெமிகிராம். பெல்ஜியத்துக்காரர் பியர் கோர்டியே 1956 நவம்பரில், போட்டோ பேப்பர் மேல் நெயில் பாலிஷால் ஒரு பெண்ணுக்கு நாலு வரி எழுதப்போய்த் தற்செயலாகக் கண்டது. பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தற்செயலைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

வேண்டியவை: கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர், பேப்பர் டெவலப்பர் (பேப்பரைக் கறுக்க வைக்கும் ரசாயனம்), ஃபிக்சர் (கறுக்காத இடத்தை வெள்ளையாகவே நிறுத்தும் ரசாயனம்), மூன்று ட்ரே (மூன்றாவது அலசும் தண்ணீருக்கு), கையுறை. பேப்பரில் ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) வகையே என் சிபாரிசு. சீக்கிரம் கழுவி முடியும். தேதி முடிந்த பழைய பாக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். அலிசன் ராசிட்டர் என்ற அமெரிக்கக் கலைஞர் காலாவதியான பேப்பரை மட்டுமே தேடிப் பிடித்து வேலை செய்கிறார். இல்ஃபோர்ட் கம்பெனி சரக்கென்றால் மல்டிகிரேட் டெவலப்பர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ரேப்பிட் ஃபிக்சர் ஒன்றுக்கு நான்கு. அந்த ட்ரேக்கள் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம், இருட்டறை வேண்டாம். பேப்பரின் வழவழப்பான பக்கத்தில் தேனைக் கோடாகவோ திட்டாகவோ வையுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு கனமாக என்பது உங்கள் கையில் இருக்கிறது. தேன் எந்த ஓரத்தில் முதலில் கரையும் என்பது இல்லை.

இனி டெவலப்பரில் முக்குங்கள். தேன் மூடாத இடமெல்லாம் கறுக்கும். அரை நிமிடம் கழித்து எடுத்து, தண்ணீரில் அலசி, ஃபிக்சருக்கு மாற்றுங்கள். இதற்குள் தேன் கொஞ்சம் கரைந்து விலகியிருக்கும்; புதிதாக வெளியே தெரியும் அந்த மெல்லிய பட்டை, ஃபிக்சரில் இருப்பதால் வெள்ளையாகும். மறுபடி அலசி டெவலப்பருக்குப் போனால் அடுத்த பட்டை கறுப்பு. ஒருமுறை கறுத்ததும் வெளுத்ததும் பிறகு மாறாது. இப்படித்தான் மரத்தை அறுத்தால் தெரிவது போன்ற வளையங்கள் வருகின்றன. ட்ரேயில் அதிக நேரம் விட்டால் பட்டை அகலம், சீக்கிரம் மாற்றினால் ஒல்லி.

நான் சறுக்கியது அந்த "அலசி"யில்தான். நடுவில் இருந்த தண்ணீர் ட்ரேயை வீண் வேலை என்று தூக்கிவிட்டேன். முதல் மூன்று தாள் சுமாராக வந்தது. நாலாவது டீக்கறை மாதிரி பழுப்பு. தேனில்தான் கலப்படம் என்று நினைத்து வேறு பாட்டில் வாங்கினேன், கருப்பட்டிப் பாகுகூடக் காய்ச்சிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால், தாளோடு ஒட்டிக்கொண்டு போன ஃபிக்சர் டெவலப்பரைக் கொன்றிருக்கிறது. சந்தேகம் வந்தால் தேன் தடவாத ஒரு துண்டுப் பேப்பரை டெவலப்பரில் போடுங்கள். ஒரு நிமிடத்தில் நன்றாகக் கறுக்கவில்லையா, ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அலசும் தண்ணீரையும் இரண்டு தாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். (கருப்பட்டிப் பாகு வீண் போகவில்லை. தேனைவிட ஓரம் முரடாக வருகிறது, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.)

தேன் முழுக்கக் கரைந்ததும் ஃபிக்சரில் ஒரு நிமிடம், ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம், அப்புறம் கொடியில் கிளிப் போட்டுக் காய வையுங்கள்.

பின்குறிப்பு 1: இன்க்ஜெட் போட்டோ பேப்பரில் முயன்று ஒன்றுமே வரவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. டெவலப்பரில் கறுக்கும் வெள்ளி உப்பு அதில் கிடையாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

பின்குறிப்பு 2: மே மாத வெயிலில் தேன் நீர்த்து ஓடிவிடுகிறது என்று இரண்டு பேர். தேன் தடவிய தாளைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி டெவலப்பர் ட்ரேயில் போடுங்கள், 20 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

பின்குறிப்பு 3: ஒருவர் தேனுக்குப் பதில் நெயில் பாலிஷ் தடவினாராம், கரையவே இல்லையாம். அது தேன் மாதிரி கரையாது, உரியும். காய்ந்ததும் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு முக்குங்கள், கீறலில் இருந்து ரசாயனம் உள்ளே புகும். ஒரு தாளுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.