இரவில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை

பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களில் பலர், அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் பின் இருக்கையில் தூங்க வைத்துவிட்டு, இரவு 11 மணிக்கு மேல் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிக் காரை எடுக்கிறார்கள். வெயில் இருக்காது, நெரிசல் குறைவு, விடியும்போது ஊர் போய்ச் சேரலாம் என்பது அவர்கள் கணக்கு. ஓட்டுபவரின் உடல் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே மனித உடல் தூக்கத்தையே நாடும். 11 மணிக்குப் புறப்பட்டவர் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் பெரம்பலூரை நெருங்குவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அதற்குள் அவர் விழித்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆகவே பாதுகாப்புக்கான முதல் முடிவைப் புறப்படும் நேரத்தைக் குறிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இரவு 9 மணிக்கே படுத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, அதிகாலை நாலரை மணி வாக்கில் கிளம்புவதே நல்லது. மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். இரவில் போயே தீர வேண்டுமென்றால், ஓட்டத் தெரிந்த இன்னொருவர் உடன் வர வேண்டும். அவர் முதல் பாதியில் உண்மையிலேயே தூங்க வேண்டும், பேச்சுத் துணைக்காக விழித்திருக்கக் கூடாது. கடைசியாகக் கடந்த ஊர் எது என்பது நினைவுக்கு வராமல் போவதும், வண்டி தானாகக் கோட்டைத் தாண்டி ஒதுங்குவதும் கண் அசரத் தொடங்கிவிட்டதற்கான அடையாளங்கள். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். சுங்கச்சாவடியை அடுத்த நிறுத்துமிடத்திலோ, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கிலோ வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து பலன் தரும்.

அடுத்தது வேகம். நான்குவழித் தேசிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு மத்திய அரசு நிர்ணயித்துள்ள உச்சவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர் என்றாலும், அது இரவுக்கு ஏற்ற வேகம் ஆகிவிடாது. அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடும். தடையைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே நாற்பது மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நல்ல டயருடன் வண்டி முழுதாக நிற்க மேலும் ஐம்பது, அறுபது மீட்டர் தேவை. டிப் செய்த முகப்பு விளக்கோ அறுபது மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காட்டுவது அரிது. எதிர்த்தடத்தில் வண்டி வராதபோது ஹைபீம் போடுங்கள். டிப் செய்ய வேண்டிய இடங்களில் மணிக்கு 60, 70 கிலோமீட்டருக்கு இறங்குங்கள். எதிரே வரும் வண்டியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தால் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

இந்த எச்சரிக்கை முக்கியமாக நின்றுபோன லாரிகளுக்காகத்தான். பின்விளக்கு எரியாமல், சிவப்பு ஒளிர்பட்டை சேறு படிந்து, பாதி தார்ச்சாலையை அடைத்தபடி நிற்கும் லாரிக்குப் பின்னால், ஓட்டுநர் நாலைந்து கற்களையும் ஒடித்த மரக்கிளை ஒன்றையும் வரிசையாக வைத்திருப்பார். சாலையில் தழை கிடந்தால் காற்றில் விழுந்ததென்று எண்ணாமல், உடனே வேகத்தைக் குறைத்து, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாறுங்கள். வண்டிகள் திரும்புவதற்காக சென்டர் மீடியனில் விடப்பட்ட இடைவெளிகளை அணுகும்போதும் இதே கவனம் வேண்டும்; விளக்கில்லாத டிராக்டர் குறுக்கே வரக்கூடிய இடம் அது.

டயரைப் புறப்படுவதற்கு முன்பு, வண்டி ஓடிச் சூடேறும் முன்பாகப் பார்க்க வேண்டும். காற்றழுத்த அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைந்த வண்டிக்கு வேறு அளவு தந்திருந்தால் அதையே வைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் (சாலையைப் பிடிக்கும் டயரின் மேல்வரிகள்) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிப்பு விட்டிருக்கலாம். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே உயிரிழந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார். தூங்கும் குழந்தையை மடியில் கிடத்திக்கொள்வது நம் வீடுகளில் அன்பாகக் கருதப்படுகிறது. மோதலின்போது எந்தக் கையாலும் அந்த எடையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை இருக்கையை வாங்கிப் பின்னால் பொருத்துங்கள்.

வழியில் வண்டி நின்றுவிட்டால், முடிந்தவரை இடப்புறம் ஒதுக்கி, ஹசார்டு விளக்கைப் போட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவுகள் வழியே இறங்கித் தடுப்புக் கம்பிக்கு வெளியே நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033ஐ அழையுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊரை நோக்கிச் செல்லும் தடம் என்பதையும் சொல்லுங்கள். தடத்தை மாற்றிச் சொன்னால் மீட்பு வண்டி எதிர்ப்பக்கம் வந்து, அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும்.