பெருந்தொற்றுக் காலப் பல்கலைக்கழகப் பக்கங்களை ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது எப்படி

கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகத் தளங்கள் முகவரியை மாற்றவில்லை, உள்ளே இருந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தன. 2020 மார்ச்சில் விடுதியைக் காலி செய்யச் சொன்ன பக்கமே அடுத்த ஆண்டு தடுப்பூசிச் சான்று கேட்டிருக்கும். பிற்கால ஆய்வாளருக்கு வேண்டியது எந்தத் தேதியில் என்ன சொல்லப்பட்டது என்பது. இன்று அந்தப் பக்கத்தைச் சேமித்தால் கடைசி வாசகம் மட்டுமே கிடைக்கும். ஆகவே வேலை இரண்டு: இன்னும் இருப்பதைப் பிடிப்பது, மறைந்துபோன முந்தைய நிலைகளைத் தேடி எடுப்பது.

முதலில் ஒரு விரிதாள் தயாரியுங்கள். முகவரி, வெளியிட்ட அலுவலகம், வகை (பக்கம், பிடிஎஃப், டாஷ்போர்டு, வீடியோ), இன்றைய நிலை (திறக்கிறது, வேறிடம் திருப்பிவிடுகிறது, இல்லை) என்ற நான்கு பத்திகள் போதும். கோவிட் துணைத்தளத்தோடு நின்றுவிடாதீர்கள். தேர்வுப் பிரிவு, விடுதி, நூலகம், சுகாதார மையம், வெளிநாட்டு மாணவர் அலுவலகம், மாணவர் இதழ் எல்லாவற்றிலும் அறிவிப்புகள் சிதறிக் கிடக்கும். பல்கலைக்கழகத்தின் டொமைனுக்கு வெளியே இருப்பவைதான் முதலில் அழியும்: கூகுள் படிவங்கள், மொத்த அஞ்சல் சேவைகளில் ஏற்றிய கடிதங்கள். கணக்கு மூடப்பட்டால் அவையும் போய்விடும். கால எல்லைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தேதிகளை வைத்துக்கொள்ளலாம்: சர்வதேச அவசரநிலை 2020 ஜனவரி 30-இல் அறிவிக்கப்பட்டு 2023 மே 5-இல் முடிந்தது. இருபுறமும் சில மாதங்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய நிலைகள்

பலரும் மறக்கும் இடம் தளத்தின் தரவுத்தளம். தளம் நடத்தும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டும், அமைப்பில் அந்த வசதி இயங்கினால், ஒவ்வொரு திருத்தத்தின் பழைய வாசகத்தையும் நேரத்தோடு சேமித்து வைக்கும். சர்வரை அணைத்தால் அதுவும் போயிற்று. எனவே கணினிப் பிரிவிடம் முதலில் கேட்க வேண்டியது தரவுத்தளப் பிரதியும் பதிவேற்றக் கோப்புறையும்தான். ஒரு எச்சரிக்கை: திருத்த வரலாற்றில் இருப்பது எழுதிய வாசகம் மட்டுமே, வாசகர் கண்ட பக்கம் அல்ல. அதைத் தனித் தொகுப்பாக வையுங்கள், பிடித்த பக்கங்களோடு கலக்காதீர்கள்.

அடுத்து, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின். ஒவ்வொரு முகவரியாகத் தேடாமல், அதன் சிடிஎக்ஸ் அட்டவணையிடம் (சேமித்த பிரதிகளின் பட்டியல்) டொமைன் முழுவதற்கும் கேளுங்கள். நிலைக்குறி 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) உள்ளவை மட்டும் வேண்டும், அடுத்தடுத்து ஒரே உள்ளடக்க முத்திரை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறி) வந்தால் ஒன்று போதும் என்று வடிகட்டினால் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஆனாலும் முத்திரை மாறியதாலேயே வாசகம் மாறியது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு தற்காலிகக் குறியீடு மாறினாலே முத்திரை மாறிவிடும். பிரதியின் முகவரியில் உள்ள 14 இலக்க நேரக்குறி உலகப் பொது நேரத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டிய பதிவுகளில் உள்ளூர்த் தேதி ஒரு நாள் தள்ளிப்போகலாம், எனவே விளக்கக் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். நேரக்குறிக்குப் பின்னால் ஐ, டி என்ற சிறிய ஆங்கில எழுத்துகளையும் ஒரு அடிக்கோட்டையும் சேர்த்துத் திறந்தால், வேபேக் சேர்க்கும் பட்டையும் மாற்றிய இணைப்புகளும் இல்லாத மூலக் கோப்பு வரும்.

இருப்பதைப் பிடிப்பது

சேமிப்பு வடிவம் வார்க், இணையக் காப்பகங்களுக்கான கோப்பு வகை. இது ஐஎஸ்ஓ 28500 தரநிலை. பக்கத்தை மட்டுமல்ல, சர்வர் அனுப்பிய தலைப்புத் தகவலையும், திருப்பிவிடுதலையும், நேரத்தையும் சேர்த்தே பதியும். பிடிஎஃப்பாக அச்சிட்டு வைப்பதில் இவை எதுவும் மிஞ்சாது. எளிய நிலையான பக்கங்கள் என்றால் டபிள்யூகெட் என்ற பதிவிறக்கக் கருவி போதும், 1.14 பதிப்பு முதல் அது வார்க் கோப்பு எழுதும். ஜாவாஸ்கிரிப்ட் நிறைந்த தளத்துக்கு உண்மையான உலாவியை இயக்கும் பிரௌசர்டிரிக்ஸ் கிராலரைப் பயன்படுத்துங்கள் (கிராலர் என்பது இணைப்பு இணைப்பாகச் சென்று பக்கங்களைச் சேமிக்கும் கருவி, அந்த ஓட்டம் கிரால்). எல்லையைக் கோவிட் முகவரிகளின் பொதுவான தொடக்கப் பகுதிக்குள் வைத்து, வெளி இணைப்புகளில் ஒரே ஒரு படி மட்டும் போக அனுமதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு உலாவிச் சாளரங்கள் மட்டும் வேலை செய்யும்படி தொடங்குங்கள். வேகத்தைக் கூட்டினால் 429 பிழையோ (கோரிக்கைகள் அதிகம்), தீச்சுவரின் 403 பக்கமோ (அனுமதி மறுப்பு) வந்து நிற்கும், அதையே கிராலர் பக்கமென்று சேமித்துவிடும். கிரால் நடக்கும் ஐபி முகவரியைக் கணினிப் பிரிவுக்கு முன்கூட்டியே கொடுங்கள். கிராலர் எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் பாணிக் கோப்புறையைத் தடுத்திருந்தால் பக்கம் வடிவிழந்து வரும். சொந்தத் தளம்தானே, அனுமதி வாங்கி அந்தத் தடையை மீறச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நாள்காட்டியை விலக்கிவிடுங்கள். 'அடுத்த மாதம்' என்ற இணைப்புக்கு முடிவே கிடையாது.

டாஷ்போர்டுதான் தலைவலி. எண்களை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ, டாப்லோ போன்றவை ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வரிடம் புதிதாகத் தரவு கேட்கும். கிராலர் சொடுக்காதபோது அந்தத் தரவு வராது, வந்தாலும் மறு ஒளிபரப்பில் (சேமித்த பிரதியைத் திறந்து காட்டும்போது) அதே கேள்வி அதே வடிவில் எழாமல் வெற்றுக் கட்டம் தெரியும். இதற்கு மூன்றையும் செய்யுங்கள். நீங்கள் பார்ப்பதையெல்லாம் பதியும் ஆர்கைவ்வெப்பேஜ் உலாவி நீட்சியை ஓடவிட்டு ஒவ்வொரு தாவலையும் வடிகட்டியையும் கையால் சொடுக்குங்கள். தேதி தெரியும்படி முழுப்பக்கப் படம் எடுங்கள். பின்னணியில் உள்ள எண்களை, தினசரித் தொற்று எண்ணிக்கையும் பரிசோதனை எண்ணிக்கையும் உட்பட, சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக உரிய அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள், கூடவே ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம். மூன்றில் நீடித்து நிற்பது சிஎஸ்விதான். சொடுக்கினால் விரியும் கேள்வி-பதில் பகுதிகளையும் கையால் திறந்து பாருங்கள். பதில் சொடுக்கிய பிறகே சர்வரிலிருந்து வரும் தளங்களில் கிராலுக்குக் கேள்விகள் மட்டுமே கிடைத்திருக்கும். யூடியூபில் பதித்த துணைவேந்தர் உரைகளுக்கு மூல வீடியோவையும் வசனக் கோப்பையும் ஊடகப் பிரிவிடமிருந்து பெறுவதே நல்லது.

சரிபார்ப்பு

வார்க் கோப்புகளைத் திறந்து காட்டும் ரீப்ளேவெப்பேஜில் கோப்பை ஏற்றி, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். இணையம் இருக்கும்போது பார்த்தால், விடுபட்ட படங்கள் சில மறு ஒளிபரப்புக் கருவிகளில் நேரடித் தளத்திலிருந்து வந்து எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். நேரடித் தளம் போன பிறகுதான் ஓட்டை தெரியும். எல்லா முகப்புப் பக்கங்களையும், எல்லா டாஷ்போர்டுகளையும், பிடிஎஃப்களில் ஒரு மாதிரியையும் திறந்து பாருங்கள். '200' என்று பதிந்திருந்தும் உள்ளே 'பக்கம் இல்லை' என்று எழுதிய பக்கங்களைத் தேடிப் பிடியுங்கள். விடுபட்டவற்றுக்கு மட்டும் சிறு கிரால் ஓட்டி அதே தொகுப்பில் சேர்க்கலாம். அதற்கும் மேல் கிடைக்காதவற்றைக் குறிப்பில் எழுதிவையுங்கள், கூடவே கருவியின் பதிப்பு எண், எல்லை அமைப்பு, கிரால் தேதி.

வார்க் கோப்புகளைச் சுமார் 1 ஜிபி துண்டுகளாக வைப்பது வழக்கம். அவற்றை அவிழ்த்து மொத்தமாக மறுபடி ஜிஜிப் முறையில் சுருக்காதீர்கள். ஒவ்வொரு பதிவும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால்தான் அட்டவணை நேரே அந்த இடத்துக்குப் போகிறது. கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா-256 முத்திரைகளோடு பேக்இட் பொதியாக்கி (கோப்புகளையும் முத்திரைப் பட்டியலையும் சேர்த்து வைக்கும் முறை) மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் அல்ல, வேறு ஊரில். ஆண்டுக்கொரு முறை முத்திரைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரோடு கூடிய தொற்றுத் தகவல், அறிகுறிப் படிவ விடைகள், இறந்தவர்களின் குடும்ப விவரம் சேர்ந்து வந்திருந்தால் வார்க் கோப்பை வெட்டாதீர்கள். அந்த முகவரிகளுக்கு மட்டும் பொது அணுகலை மூடி, காரணத்தையும் மறுஆய்வுத் தேதியையும் பதியுங்கள்.

கடைசியாக, பழைய தளத்தை மூடும்போது அதன் முகவரிகளைப் பல்கலைக்கழக முகப்புக்குத் திருப்பிவிடும் வழக்கத்தைத் தடுங்கள். ஒவ்வொரு முகவரியும் காப்பகத்தில் உள்ள தன் சொந்தப் பிரதிக்கே போகுமாறு அமைக்கச் சொல்லுங்கள். கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் ஏற்கெனவே கொடுத்த இணைப்புகள் அப்போதும் வேலை செய்யும்.